சத்தம் சீட்டுக்கு அடியில்

உட்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. அரை மணி நேரம் ஆகும். உங்க வண்டியோட முன்சக்கரம் ரெண்டும் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கிட்டு நிற்குது. அதை நேராக்கி, டயரை முன்னுக்குப் பின் மாற்றிப் போட்டு, நானே ரெண்டு தெரு ஓட்டிப் பார்த்த பிறகுதான் வண்டி உங்க கைக்கு வரும். இந்தக் கடையில் அதுதான் பழக்கம். ஸ்டியரிங் நேராக நிற்குது என்று கம்ப்யூட்டர் சொன்னால் போதாது, ரோடு சொல்லணும்.

உள்ளே வரும்போது என்ன சொன்னீங்க? "ஸ்போர்ட் எடிஷன்மா, சாதா வண்டின்னு நெனச்சுப் பண்ணிடாதே." அதானே? கேட்டுச்சு. கேட்காத மாதிரி போனேன். வண்டியை மேலே ஏற்றி முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று அப்பா சொல்லி வச்சிருக்கார். அதுக்கு முன்னாடி திறந்து மூணு பேர் வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. உங்க வண்டி மேலே ஏறியாச்சு. அப்பா சாப்பிடப் போயிருக்கார்.

கோவிச்சுக்காதீங்க, உள்ளதைச் சொல்றேன். எல்லாரும் வண்டியை முன்னாலிருந்து பார்ப்பாங்க. நான் வண்டிக்கு அடியில் இருக்கிற பள்ளத்துக்குள்ளே நின்று வயிற்றைப் பார்க்கிறவள். உங்க வண்டி வயிற்றில் என்ன இருக்கு தெரியுமா? சாதா மாடலில் இருக்கிற அதே ஸ்பிரிங். அதே ஷாக் அப்சார்பர், மேலே அச்சடிச்சிருக்கிற நம்பர்கூட அதேதான். பிரேக்கைப் பிடிக்கிற இரும்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடிச்சிருக்கான். பெயின்ட் அடிச்சால் பிரேக் சீக்கிரம் பிடிக்குமா? பின்னாடி ரெண்டு சைலன்சர் வாய் தெரியுதே, அதில் இடது பக்கம் இருக்கிறது வெறும் பிளாஸ்டிக் மூடி. விரலை விட்டுப் பாருங்க, முட்டும். சீட்டில் சிவப்பு நூல் தையல். சிவப்பு நூல் போட்டால் வேகம் வரும் என்றால் திருப்பூரில் இருக்கிற டெய்லர் அத்தனை பேரும் ரேஸ் ஓட்டியிருக்கணும்.

சிரிக்கிறீங்க. எங்க மாமா சிரிக்கலை.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். சுதர்சன். மோட்டார் பம்ப் கம்பெனியில் ஆபீஸ் வேலை. எந்த ரோட்டிலும் அறுபதைத் தாண்டாத மனுஷன். அவிநாசி ரோட்டுப் பாலத்து மேல எல்லாரும் பறக்கும்போது இவர் மட்டும் இடது பக்கம் ஒட்டி, ரெண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, பால் குண்டான் கொண்டு போகிற மாதிரி போவார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மெதுவாகப் போகிறவங்க மெதுவாகப் போகட்டும். ஆனால் போன வருஷம் தை மாசம் அந்த மனுஷன் ஒரு ஸ்போர்ட் எடிஷன் எடுத்துட்டு வந்து வாசலில் நிறுத்தினார். உங்களோடது மாதிரியே உசரம், உசரத்துக்கு மேல கறுப்புக் கூரை. பூஜை போட்டுச் சக்கரத்துக்கு அடியில் வச்ச எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் அடங்குறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டார்.

"கௌசி, இதுல பட்டன் ஒண்ணு இருக்குது பாரு. அமுக்குனா புலி மாதிரி ஆயிரும்."

நான் குனிந்து அடியில் பார்த்தேன். நிமிர்ந்து, "இது புலி இல்லீங்க மாமா, வரி போட்ட எருமை" என்று சொன்னேன். சொன்னது பொய்யா? நீங்களே சொல்லுங்க. ஆயிரத்தெழுநூறு கிலோ சார். அக்கா என் கையைக் கிள்ளினாள். அம்மா பூசணிக்காயைத் தூக்கிக்கிட்டு நடுவில் வந்துட்டாங்க.

எனக்கு இப்படித்தான் ஆகும். பதினொன்றாம் வகுப்போடு நான் நின்றதும் இதனால்தான். ஃபிசிக்ஸ் மிஸ் போர்டில் போட்ட கணக்கு தப்பு என்று சொன்னேன். தப்புதான். அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. ஆனால் சொன்ன விதம் சரியில்லையாம், மன்னிப்புக் கேட்கணுமாம். தப்புக் கணக்குப் போட்டவங்க அவங்க, மன்னிப்பு நான் கேட்கணும். பையை எடுத்துக்கிட்டு நேராகக் கடைக்கு வந்தேன். ரெண்டு வருஷமாச்சு. வருத்தமெல்லாம் இல்லை. இங்கே சக்கரம் கோணலாக இருந்தால் கோணல் என்று சொல்லலாம், யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்றதில்லை. வாடிக்கையாளரைத் தவிர.

சரி, மாமா. மாசியில் குடும்பத்தோட ஆழியார் போனோம். மாமா ஓட்டுறார், அக்கா பக்கத்தில், பின்னாடி நானும் பாப்பாவும். பாப்பா பேரு இயலினி, அப்போ ஒரு வயசு முடியலை. பொள்ளாச்சி தாண்டி ரோடு காலியானதும் மாமா அந்தப் பட்டனை அமுக்கினார். முன்னாடி திரையெல்லாம் சிவப்பாச்சு. ஒரு உறுமல் வந்துச்சு பாருங்க, எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. பாப்பா வீறிட்டாள். மாமா முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன், பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பையன் மாதிரி இருந்தார். வேகம் என்ன? அறுபத்திரண்டு.

அறுபத்திரண்டில் எந்த இஞ்சின் சார் அப்படிக் கத்தும்? எனக்குப் பொறுக்கலை. கீழே விழுந்த கிலுகிலுப்பையை எடுக்கிற சாக்கில் குனிந்தேன். சத்தம் முன்னாடி இஞ்சினிலிருந்து வரலை. டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து வருது. கையை நீட்டிப் பார்த்தேன், ஒரு கறுப்புப் பெட்டி, உள்ளங்கையில் அதிருது. ஸ்பீக்கர். உறுமலை ரெக்கார்டு பண்ணி, கால் அழுத்துறதுக்கு ஏற்ற மாதிரி சீட்டுக்கு அடியில் பாட்டாகப் போடுறான். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் ஸ்பீக்கரில் போடுற மாதிரி.

அங்கேயே சொல்லிட்டேன். "மாமா, உங்க புலி கேசட்டுல கத்துது."

மாமா வண்டியை ஓரம் கட்டினார். இறங்கினார். பானெட்டைத் திறந்தார். இஞ்சின் பக்கத்தில் காதை வைத்து, இங்கேயிருந்துதான் வருது என்று சாதித்தார். நான் சீட்டுக்கு அடியில் கையை வைத்துப் பாருங்க என்றேன். வைக்க மாட்டேன் என்றார். கம்பெனிக்காரன் பத்து வருஷம் யோசித்துச் செய்ததை, பத்தாவதுக்கு மேலே படிக்காத ஒருத்தி குறை சொல்றாளாம். பதினொன்றாவது முக்கால்வாசி படித்தேன் என்றேன். அதுக்கப்புறம் ஆழியார் போய்ச் சேருகிற வரைக்கும் பாப்பா அழுதுக்கிட்டே வந்தாள்.

இப்போ நான் ஒன்று சொல்லணும், இல்லையென்றால் உங்களுக்குப் புரியாது. இதெல்லாம் வெறும் வாய்ச்சண்டையாகப் போயிருக்கும். போகலை, ஏனென்றால் நடுவில் அந்தப் போட்டி வந்துச்சு.

நம்ம ஊரில் ஒரு கார் கிளப் இருக்கு. வருஷத்துக்கு ஒருமுறை, வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே ஒரு காலேஜ் மைதானத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை வளைத்து வளைத்து வைப்பாங்க. ஒவ்வொரு வண்டியாக அதுக்குள்ளே நுழைந்து நெளிந்து வெளியே வரணும். கூம்பைத் தட்டினால் ரெண்டு செகண்டு கூட்டிடுவாங்க. ஆளுக்கு ரெண்டு தடவை, அதில் நல்லது எதுவோ அது கணக்கு. அதில் குடும்ப வண்டிப் பிரிவு என்று ஒன்று. அந்தப் பிரிவுக்கு ஒரே சட்டம்: வண்டி ஷோரூமிலிருந்து எப்படி வந்ததோ, அன்றைக்குக் காலையில் வீட்டிலிருந்து எப்படி வந்ததோ, அப்படியே ஓடணும். ஒன்றைச் சேர்க்கக் கூடாது, ஒன்றைக் கழற்றக் கூடாது. ஸ்டெப்னி, ஜாக்கி, குழந்தை சீட்டு, டிக்கியில் கிடக்கிற குடை, கோயில் விபூதிப் பொட்டலம், எல்லாம் உள்ளேயே இருக்கணும். டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிற பிள்ளையாரைக்கூட எடுக்க விட மாட்டாங்க.

முதலில் வருகிற ஒருத்தருக்கு, ஒரே ஒருத்தருக்கு, ரேஸ் டிராக்கில் ரெண்டு நாள் பயிற்சி. நிஜ ரேஸ் வண்டியில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பாங்க. ஒருத்தர் மட்டும் உட்காருகிற வண்டி. கூரை கிடையாது, பட்டன் கிடையாது, சிவப்பு நூல் கிடையாது.

அந்த டிராக்கை நான் பார்த்திருக்கேன். கம்பிவேலிக்கு வெளியே நின்று. பன்னிரண்டு வயசிலிருந்து பார்க்கிறேன். டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கிறவங்க இருக்காங்க, எனக்கு அது பிடிக்காது. போனால் ஓட்டுறதுக்குப் போகணும். பதினெட்டு ஆனால்தான் போட்டியில் பேர் கொடுக்க முடியும். எனக்குச் சித்திரையில் பதினெட்டு ஆச்சு, லைசென்ஸ் கைக்கு வந்துச்சு, மூன்றாம் நாள் பேர் கொடுத்தேன். வண்டி அப்பாவோடது. பதினாலு வருஷத்துப் பழைய சாதா செடான். அதில் எந்த எழுத்தும் ஒட்டலை. ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரும்பும். அவ்வளவுதான் சார் ஸ்போர்ட். திருப்பினால் திரும்பணும், பிடித்தால் நிற்கணும், நடுவில் பேசக் கூடாது.

மாமாவுக்கு இந்தப் போட்டியைப் பற்றித் தெரியவே தெரியாது. நான்தான் சொன்னேன். இதை ஒத்துக்கிறேன். ஒரு சனிக்கிழமை சாப்பாட்டில் அவர் மறுபடியும் புலியை அவிழ்த்து விட்டார், எனக்குச் சோறு இறங்கலை. "அவ்வளவு பெரிய புலின்னா கூண்டை விட்டு வெளிய கொண்டு வாங்க. ஒரு கூம்பைச் சுத்தி வர்றதுக்குள்ள உங்க வண்டிக்கு வாந்தி வந்துரும்" என்று சொன்னேன். மாமா தட்டிலேயே கையைக் கழுவிட்டு எழுந்தார். அடுத்த நாள் அவரும் பேர் கொடுத்துட்டார்.

நல்லதாப் போச்சு என்றுதான் நினைத்தேன். ஊர் பார்க்கத் தோற்கட்டும் என்று.

போட்டிக்கு முந்தின நாள் காலையில் மாமா வண்டியை இங்கே கொண்டு வந்தார். வேறே கடைக்குப் போயிருக்கலாம். என்கிட்டேதான் வந்தார். "சக்கரம் மட்டும் நேர் பண்ணிக் குடு கௌசி" என்று சாவியைக் கொடுத்துட்டு ஆபீஸ் போயிட்டார். நான் பண்ணினேன். ஒழுங்காகப் பண்ணினேன். அந்த வண்டிக்கு அதுக்கு முன்னாடியும் அதுக்கு அப்புறமும் யாரும் அவ்வளவு சுத்தமாக அலைன்மென்ட் பண்ணியிருக்க மாட்டாங்க. வேலையில் பொய் பண்ண எனக்கு வராது.

பண்ணி முடித்து, ஓட்டிப் பார்க்க உள்ளே உட்கார்ந்தேன். பட்டனை அமுக்கினேன். மறுபடியும் அந்த உறுமல்.

குனிந்து, அந்தப் பெட்டிக்குப் போகிற ஒயரின் சொருகியைப் பிடுங்கி விட்டேன். அவ்வளவுதான். வெட்டலை, கிழிக்கலை. சொருகி வெளியே, பெட்டி உள்ளே. அதை யாராவது கெடுத்ததாகச் சொல்ல முடியுமா? நான் வண்டியிலிருந்து ஒரு பொய்யைத்தான் எடுத்தேன். நாளைக்குக் கூம்புக்கு நடுவில் பட்டனை அமுக்கட்டும், சத்தம் வராது, இது வெறும் வேன்தான் என்று அவருக்கே தெரியட்டும். அவ்வளவுதான் நினைத்தேன். அவர்கிட்டே சொல்லலை. அவர் கேட்கலை.

ஞாயிற்றுக்கிழமை. வெயில். ஏழெட்டு வண்டிதான் எங்க பிரிவில். ஒருத்தர் டிக்கியில் காய்கறி மூட்டையோட வந்திருந்தார், சட்டப்படி அதையும் இறக்க விடலை. அக்கா பாப்பாவைத் தூக்கிக்கிட்டுப் பந்தலில் நின்றாள். நான் முதல் தடவை ஓட்டினேன். நாற்பத்தொன்பது புள்ளி மூன்று. அதுவரைக்கும் ஓட்டினவங்களில் நான்தான் முதல். பக்கத்தில் நின்ற பசங்க, "பொண்ணா ஓட்டுச்சு?" என்று கேட்டாங்க. இல்லை, பிள்ளையார் ஓட்டினார் என்றேன்.

அப்புறம் மாமா.

வரிசையில் போய் நின்றார். கொடி அசைந்தது. வண்டி கிளம்புச்சு. முதல் கூம்பு வரைக்கும் வழக்கம்போல பால் குண்டான்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. ரெண்டாவது கூம்பில் கொஞ்சம் வேகம். மூன்றாவதில் என்னவோ ஆச்சு. அந்த எருமை அப்படியே ஒரு பக்கம் சாய்ந்து, கூம்பை உரசுகிற மாதிரி போய், கவிழாமல் திரும்பி, அடுத்ததுக்குள்ளே நுழைந்துச்சு. பின்னாடி குழந்தை சீட்டில் தொங்குற பொம்மை கண்ணாடியில் போய் அடிச்சது. கூட்டம் முதலில் சிரிச்சது, அப்புறம் கை தட்டுச்சு.

நாற்பத்தெட்டு புள்ளி ஒன்பது.

மாமா இறங்கி வரும்போது சட்டை முழுக்க நனைந்திருந்தது. முகத்தில் பயம். ஜெயித்த முகமே இல்லை. நேராக என்கிட்டே வந்தார்.

"கௌசி, என்னவோ கோளாறு. பட்டனை அமுக்குனேன், சத்தமே வல்லை. வண்டி இழுக்கலையாட்ட இருக்குதுன்னு ஆக்சிலேட்டரை அமுக்கு அமுக்குன்னு அமுக்குனேன். எவ்வளவு வேகத்துல போனேன்னே எனக்குத் தெரியலை."

புரியுதுங்களா? இந்த மனுஷன் இத்தனை நாள் அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கார். புலி கத்தினால் புலிக்குச் சொந்தக்காரரே நடுங்குவார். சத்தம் இல்லை, பயம் இல்லை. மெதுவாகப் போகிறோம் என்று நினைத்துக்கிட்டே எல்லாரையும் விட வேகமாகப் போயிருக்கார். அதை வண்டி பண்ணலை சார். ஸ்போர்ட் எடிஷன் பண்ணலை. அலைன்மென்ட் பண்ணினது யார்? நான். சொருகியைப் பிடுங்கினது யார்? நான். நியாயமாகப் பார்த்தால் அந்த நாற்பத்தெட்டு புள்ளி ஒன்பது என்னோடது.

ரெண்டாவது தடவை நான் ஏறினேன். பல்லைக் கடித்துக்கிட்டு ஓட்டினேன். நாற்பத்தெட்டு புள்ளி இரண்டு. அவரை விட வேகம், எழுதி வச்சிருக்காங்க, போய்ப் பார்க்கலாம். ஆனால் கடைசிக் கூம்பு. விழக்கூட இல்லை, ஆடி நின்னுடுச்சு, ஓரத்தில் இருந்த பையன் கொடியைத் தூக்கிட்டான். ரெண்டு செகண்டு கூட்டிட்டாங்க. ஐம்பது புள்ளி இரண்டு.

மாமா ரெண்டாவது தடவை ஓட்டவே இல்லை. ஏன் தெரியுமா? வண்டியில் ஏசி போட்டு அக்கா மடியில் பாப்பா தூங்கிட்டாளாம். எழுப்ப வேண்டாம் என்று பேரைக் கூப்பிட்டபோது கையை ஆட்டிட்டார். நான் ஆறு வருஷம் வேலிக்கு வெளியே நின்றவள். என்னை ஜெயித்தது, குழந்தை முழித்துக்குமே என்று போட்டியை விட்டுக்கொடுத்த ஆள்.

எனக்குப் பொறுக்கலை. நேராக மேஜைக்குப் போனேன். அங்கே செந்தூரான் அண்ணன் என்று ஒருத்தர், அவர்தான் நேரம் எழுதுகிறவர். சட்டத்தைப் படிங்க என்றேன். படிச்சார். ஒன்றைக் கழற்றக் கூடாது என்று இருக்குதில்லையா, அந்தக் கறுப்புக் கூரை வண்டியில் ஒன்று கழன்றிருக்கு, டிரைவர் சீட்டுக்கு அடியில் பாருங்க, வீட்டிலிருந்து வந்த மாதிரி அது ஓடலை என்றேன்.

போய்ப் பார்த்தாங்க. அக்கா தூங்குற பாப்பாவைத் தூக்கிக்கிட்டு இறங்கி நின்றாள், சொருகி தொங்கிக்கிட்டிருந்தது. மாமா பேந்தப் பேந்த விழிக்கிறார். ஆழியார் ரோட்டில் நான் சொல்லியும் நம்பாதவர், அப்படி ஒரு பெட்டி இருக்கிறதை அப்போதான் கண்ணால் பார்க்கிறார். சுற்றிலும் ஆளுங்க கூடிட்டாங்க.

செந்தூரான் அண்ணன் என்கிட்டே கேட்டார். "இதைக் கழட்டுனது யாரு?"

"நான்தான்."

நீங்க ஏன் சார் அப்படிப் பார்க்கறீங்க? கேட்டார், சொன்னேன். பொய் சொல்லணுமா? தெரியாது என்று சொல்லியிருக்கலாம் என்று அப்பா இன்னிக்கு வரைக்கும் சொல்றார். எலி கடித்தது என்று சொல்லியிருக்கலாமாம். எனக்கு அப்படி வராது.

அஞ்சு நிமிஷம் தனியாக நின்று பேசினாங்க. திரும்பி வந்து சொன்னாங்க: ஓட்டினவருக்குத் தெரியாமல் நடந்தது, ஸ்பீக்கரால் வண்டி வேகம் கூடவும் குறையவும் இல்லை, அதனால் அவர் நேரம் நிற்கும். அடுத்தவன் வண்டியில் கை வைத்தவள் பேரை அடிச்சாச்சு. ரெண்டு வருஷத்துக்கு எந்தப் போட்டிக்கும் வரக் கூடாது.

ஸ்பீக்கரால் வேகம் கூடவும் குறையவும் இல்லையாம். அதைத்தானே சார் நான் தை மாசத்திலிருந்து சொல்றேன்? அப்போ யாரும் கேட்கலை.

மாமா எனக்காகப் பேசினார். அதுதான் எனக்குப் பிடிக்கலை. "சின்னப் பொண்ணுங்க, விளையாட்டுக்குப் பண்ணிருச்சு. அந்தப் பயிற்சியை அதுக்கே குடுத்துருங்க, நான் போயி என்ன பண்றது" என்று அத்தனை பேர் முன்னாடி கெஞ்சினார். மாற்றித் தர முடியாது என்றுட்டாங்க. நான் விளையாட்டுக்குப் பண்ணலை என்று நானும் சொன்னேன்.

அக்கா பாப்பாவைத் தோளில் போட்டுக்கிட்டு வண்டிப் பக்கம் போனாள். நான் பின்னாடியே போனேன். கதவைத் திறந்து குழந்தையைப் படுக்க வைத்து, பெல்ட்டை மாட்டி, அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு ஜெயிக்கோணுமா, இல்லை அவரு தோக்கோணுமா? ரெண்டுல எது வேணும்னு முடிவு பண்ணியிருந்தீன்னா ஒண்ணாவது கெடச்சிருக்கும்."

எங்க அக்கா தாரணிக்கு இந்த மாதிரி ஏதாவது எடுத்து விடுறது பழக்கம். ஸ்கூலில் பேச்சுப் போட்டியில் கப் வாங்கினவள். பதில் என்கிட்டே இருந்தது, பாப்பா தூங்குறாளே என்று கதவை மெதுவாகச் சாத்தினேன்.

ஆனியில் மாமா பயிற்சிக்குப் போனார். கம்பெனியில் லீவு போட்டு, தொப்பி வாங்கி, தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டு, ரெண்டு நாள். நான் இங்கே பள்ளத்துக்குள்ளே நின்றுக்கிட்டிருந்தேன். அந்த ரெண்டு நாளும் மினி பஸ், டெம்போ, பள்ளிக்கூட வேன், இதுதான் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் கடைக்கு வந்தார். நீங்க முதலில் உட்காரப் பார்த்தீங்களே, அந்தக் கால் ஆடுகிற நாற்காலி, அதில்தான் உட்கார்ந்தார். உள்ளங்கையில் கொப்புளம் போட்டிருந்தது. அதைத் தடவிக்கிட்டே இருந்தார்.

"கௌசி, நீ சொன்னது சரிதான்."

"எது?"

"என்ற வண்டி ஸ்போர்ட்டே இல்லை. அங்க ஒண்ணுல உக்கார வெச்சாங்க. தரையில உக்காந்த மாதிரி இருக்குது. ஒரு சின்னக் கல்லு மேல ஏறுனாக்கூட முதுகுத்தண்டுல தெரியுது. பிரேக்கு மிதிச்சா வயிறு முன்னால போகுது, திருப்புனா கழுத்து தனியாப் போகுது. அதுல எறங்கி வந்து இதுல உக்காந்தா, நல்ல சோபா. டிவி பாக்கலாம்."

ஆறு மாசமாக நான் அவர் வாயிலிருந்து கேட்கணும் என்று நினைத்தது இதுதான். ஸ்போர்ட்டே இல்லை. சொல்லிட்டார். கோபமில்லாமல், வெட்கமில்லாமல், இன்னிக்கு வெயில் அதிகம் என்கிற மாதிரி சொல்லிட்டார். எனக்குக் கையில் இருந்த ஸ்பேனரை அவர் மேல எறியலாம் போல இருந்தது.

அப்புறமும் விடலை. வளைவுக்குள்ளே போகிறதுக்கு முன்னாடியே கண் வளைவுக்கு வெளியே போயிடணுமாம். வண்டி கண் போகிற பக்கம்தான் போகுமாம். நாற்காலியில் உட்கார்ந்துக்கிட்டே கையில் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிக் காட்டுறார். எனக்கு. எங்க மாமா. எனக்கு. நாற்காலி கால் டக் டக்கென்று ஆடுது.

அந்தச் சொருகியை மாட்டி விடட்டுமா என்று கேட்டேன், பேச்சை நிறுத்தட்டும் என்று.

"வேண்டா அம்மணி. அது போனதுல இருந்து பாப்பா வண்டியில நல்லாத் தூங்குறா."

இதுதான் சார் கதை. இப்பவும் அவர் அந்த வண்டியைத்தான் வச்சிருக்கார். அறுபதில்தான் போறார். பட்டனை அமுக்குறதில்லை. கேட்டால், குடும்பத்துக்கு நல்ல வண்டி என்கிறார். புலி என்று ஒரு வார்த்தை இல்லை. அப்போ யார் ஜெயித்தது? நான்தானே? அக்கா மட்டும் கடைப்பக்கம் வரும்போது என்கிட்டே நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, இந்த ரெண்டு கேள்விக்கு மேலே கேட்கிறதில்லை. அது அவள் குணம்.

அதனால்தான் சொல்றேன், இந்த ஸ்போர்ட் எடிஷன் பேச்சே என்கிட்டே வேண்டாம். குடும்பத்தை ஏற்றிக்கிட்டு மருதமலை போக ஒரு வண்டி வேணும் என்றால் அதைச் சொல்லி வாங்குங்க. நல்ல விஷயம். அதுக்கு ஏன் முகத்தில் பவுடர் பூசி, வாயில் கேசட் போட்டு, பந்தயத்துக்குக் கிளம்பின மாதிரி நிற்க வைக்கணும்? எனக்கு வண்டி மேல கோபம் இல்லை. இல்லாததை இருக்குது என்று சொல்றதுதான் ஆகாது.

என்ன சார்? நான் ஓட்டியிருக்கேனா? எதை? நிஜ ஸ்போர்ட் வண்டியையா?

நான்தான் முதலிலேயே சொன்னேனே, நான் அடியிலிருந்து பார்க்கிறவள் என்று. அடியில் தெரியாதது மேலே என்ன தெரியப்போகுது. இன்னும் ஒரு வருஷம் இருக்கு என் பேரைத் திரும்பச் சேர்க்க. இன்னும் பதிமூன்று மாசம், சரியாகச் சொன்னால். அதுவரைக்கும் இந்தப் பள்ளம் இருக்கு.

சரி, முடிஞ்சது. திரையைப் பாருங்க, ரெண்டு பக்கமும் பச்சை. சக்கரம் இப்போ நூல் பிடித்த மாதிரி நிற்குது. உங்க வண்டியிலும் சீட்டுக்கு அடியில் அந்தப் பெட்டி இருக்கு, பார்த்தேன். தொடலை. தொட மாட்டேன், பயப்படாதீங்க.

சாவியைக் கொடுங்க. ஓட்டிப் பார்த்துட்டு வந்துடுறேன். நீங்க வர வேண்டாம், உட்காருங்க, டீ சொல்லியிருக்கேன். ரெண்டு தெரு போதாது, உங்க வண்டிக்குக் கொஞ்சம் நீளமான ரோடு வேணும். பைபாஸ் வரைக்கும் போயிட்டு வர்றேன். பத்து நிமிஷம். இருபது என்று வச்சுக்கோங்க. அப்பா வந்து கேட்டால் இப்போதான் போனாள் என்று சொல்லுங்க.

சார், அந்த ஸ்போர்ட் பட்டன் எந்தப் பக்கம்?

இல்லை, ஸ்டியரிங் எல்லா மோடிலும் நேராக நிற்குதா என்று பார்க்கணும். இந்தக் கடையில் அதுதான் பழக்கம்.